பெற்றதை விடுவித்தல்

பெற்றதைத் திருப்பிக் கொடுத்தலே நீதி என்னும் கருத்துப் பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் முதற்பகுதியில் ஆராயப்படுகின்றது. ஆயுதத்தை ஒப்படைத்த நண்பன் சித்தங் கலங்கிய நிலையில் அதனைக் கேட்பின் கொடுக்கலாமோ எனச் சோக்கிரட்டீஸ் வினவ, அவ்வரைவிலக்கணம் நிலைகுலைகின்றது. மெய்யியல் பயிலும் யான் இவ்வினாவை மீண்டுஞ் சந்தித்தது கணனியின் பணிசெயல் முறைமையிலே என்றால் நண்பர் சிலர் நகைக்கக்கூடும்.

1991 ஆம் ஆண்டிலே தோன்றிய லினக்ஸ், வட்டிலிருந்து வாசித்த கோப்புகளை நினைவகத்திற் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்கின்றது. மறுமுறை கேட்போர்க்கு விரைந்து கொடுத்தற்பொருட்டு. பக்கமொன்று பெரும்பாலும் 4096 பைற்று. அதனைக் கையாளப் புகும் செய்நிரற்பகுதி பக்கத்தின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். வேலை முடிந்ததும் ஒன்றைக் குறைக்கும். எண்ணிக்கை பூச்சியமானாலன்றிப் பக்கம் பிறர்க்கு விடுபடாது.

குறைக்க மறந்தால்? வேலை நன்கு முடியும் வழியில் எவரும் மறப்பதில்லை. வட்டு வாசிப்பு இடையிலே பிழைத்து, செய்நிரல் பாதிவழியிற் திரும்பும்போதே மறதி நிகழ்கின்றது. திருத்தம் பெரும்பாலும் ஒரே வரிதான். அவ்வரி இல்லாதவிடத்து ஒவ்வொரு தோல்வியும் ஒரு பக்கத்தைப் பூட்டிச் செல்லும். 4096 பைற்று இழப்பை எவரும் உணரார். பல நாட்களின் பின்னர் நினைவகம் போதாது வீழ்வது யாதுமறியாத வேறொரு செய்நிரல். கெடுதியை எண்ணாதவனைக் குற்றஞ்சாட்டலாமா என்பர். மறந்தமைக்காக அன்று, தன் வேலை தோற்கவுங்கூடும் என எண்ணிப்பாராமைக்காக அவன் பொறுப்பாளியே என்பது என் துணிபு.

ஆயின் அவசரத் திருத்தம் இதனினுங் கொடிது. ஏற்கெனவே குறைத்தவிடத்து மீண்டுங் குறைத்தால், ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும் பக்கமே இன்னொருவருக்குப் போய்விடும். கசிவே இக்கேட்டுக்கு வழியாதலும் உண்டு. கோப்புகளிலன்றித் திறவுச்சொற்களைக் காக்கும் பகுதியில் 2016 இல் வெளிப்பட்ட வழு அத்தகையது: குறையாது பெருகிய 32 பிற்று எண்ணிக்கை எல்லை கடந்து பூச்சியத்துக்குத் திரும்ப, பயன்பாட்டிலிருந்த நினைவகம் விடுவிக்கப்பட்டது. 2017 இல் லினக்ஸில் ஒரு புதிய எண்ணிக்கை முறை சேர்க்கப்பட்டது. எல்லையை எட்டிய எண் அங்கேயே நின்றுவிடும். பொருள் ஒருபோதும் விடுவிக்கப்படாது. ஐயத்துக்குரிய கணக்கை நம்பிக் கொடுப்பதிலும் கொடாது வைத்திருத்தலே மேல் என ஆக்கியோர் தீர்மானித்தனர்.

ஆயுதத்தைக் கொடுக்க மறுத்தவனின் முடிவும் அதுவே. ஆனால் சித்தந் தெளிந்த நண்பன் மறுநாள் வந்து தன் பொருளைப் பெறலாம். பூட்டுண்ட நினைவகமோ கணனியை நிறுத்தித் தொடங்கும் வரை எவர்க்கும் கிடையாது.