மனமும் மூளையும் அறிவோனும்

திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலம் இந்நாளில் பீங்கான் தொழிலாலும் பெயர்பெற்ற ஊர். ஆண்டுச் சூளையில் வெந்த களிமண், முன்னில்லாத உறுதியும் பளபளப்பும், தட்டினால் எழும் ஓசையும் பெறுகின்றது. உலகாயதர் இத்தகையவற்றைக் காட்டி, 'மண்ணில் இல்லாத ஓசை கலத்தில் தோன்றுமாறுபோல, அணுக்களில் இல்லாத அறிவு அவை கூடிய மூளையில் தோன்றும். வேறோர் ஆன்மா வேண்டா' என்பர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு கூடிய வழிச் செம்மை தோன்றும் என்னும் அவர்தம் பழைய உவமையும் இதுவே.

மருத்துவ நூலும் இதற்குத் துணைபோலத் தோன்றும். 1953-இல் அமெரிக்க நாட்டில் ஹென்றி மொலேசன் என்பார்க்கு வலிப்பு நோய் தீரும்பொருட்டு மூளையின் இருபுறத்தும் ஒரு பகுதி நீக்கப்பட்டது. அதன்பின், 2008-இல் இறக்குமளவும், புதிதாகக் கண்டவரைச் சிறிது போழ்தில் மறந்தார்.

17-ஆம் நூற்றாண்டில் மனத்தையே ஆன்மாவெனக் கொண்ட டேக்கார்ட் முதலியோர்க்கு இஃது இடர்ப்பாடு. மூளை சிதைய மனமும் சிதைவதென்னை என்னும் வினாவிற்கு அவர் விடை கூறல் அரிது. சித்தாந்தத்திற்கு அவ்விடர் இல்லை. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் மாயையின் காரியம். மூளை தூலம், கரணம் சூக்குமம். இரண்டும் சடமே, ஆன்மாவிற்குக் கருவியே. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாஞ் சூத்திரம் ஆன்மா உண்மையையும், நான்காஞ் சூத்திரம் அஃது அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்பதையும் நிறுவும்.

இனி, கலத்தின் ஓசை கேட்பானுக்கே ஓசை. பளபளப்பும் செம்மையும் காண்பானுக்கே உள. சூளை காணப்படுபொருளை வேறொரு காணப்படுபொருளாக்குமன்றிக் காண்பானை ஆக்காது. மூளையின் தொழிலெல்லாம் விளக்கிய பின்னும் உணர்வு உண்டாதல் ஏன் என்னும் வினா எஞ்சுமென்று 1995-இல் டேவிட் சால்மர்சு என்னும் தத்துவ நூலார் எழுதியதும் இவ்விடத்தையே சுட்டும்.

அற்றேல், அறிவோன் சிதையாதிருப்ப அறிவு குன்றுவதென்னையெனின், ஆன்மா ஆணவத்தால் மறைப்புண்டது, கருவி கூடியவழியே அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது. கருவி நீங்கிய கேவலத்தில் ஒன்றும் அறியாது கிடக்கும். ஆகலின், மூளைக்கேடு இருதிறத்தார்க்கும் ஒத்ததே. வழக்கைத் தீர்ப்பது அதுவன்று, காண்பான் யாவன் என்னும் வினாவே.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நினைவிழந்த முதியோர் பெற்ற மகனையும் அறியாதிருத்தல் உண்டு. மூளையே ஆளெனின், அங்கு ஆளும் குறைந்ததாகவே கொள்ள நேரும். ஆன்மா உண்மை தெளிந்தார்க்குக் குறைந்தது கருவி, ஆள் குறைந்திலர். தன்னை அறியாத தாய்க்கும் மகன் மகனாகவே நின்று பணிசெய்தல் கடன். கருவி ஓய்ந்தவிடத்தும் உயிர்க்குயிராய் நிற்கும் இறைவன் அவரை நீங்கானாகலின், மக்கள் நீங்குதல் எங்ஙனம் முறையாகும்?