ஓடிய மணியும் ஒளித்த குறையும்

கோரிப்பாளையத்திலிருந்து ஒருவர் சோழவந்தான் வயலுக்குப் பழைய சிறு டிராக்டர் வாங்குகிறார் என வைத்துக்கொள்வோம். மீட்டர் 4,000 மணி காட்டுகிறது. பழைய மீட்டர்கள் இன்ஜின் சுற்றைத்தான் எண்ணும்; மெதுவாக ஓடிய வண்டி உழைத்த நேரம் அதைவிடக் கூடுதல். இதையறிந்த நாம் விற்கையில் மௌனமாயிருக்கலாமா?

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் வெறும் மௌனத்தைப் பொதுவாக மோசடி என்பதில்லை. குறையுள்ள குதிரையை ஏலத்தில் பேசாமல் விற்பவனையே உதாரணம் காட்டுகிறது. ஆனால் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரம் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்க மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஈரம் மழையால் வந்தது, குற்றம் மூடிவைத்ததில்.

உழைத்த இயந்திரம் தேயத்தான் செய்யும். தேய்மானம் பாவமன்று, அதை மறைத்துப் பெறும் விலையே பாவம். குறையைச் சொல்லிக் குறைவாக விற்போம், பரக்கத் அதில்தான். அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.