அண்டை வீட்டாரின் நீதி

நீதிமன்றம் என்ற ஸ்தாபனத்தின் மீது எழுதுகிறவர்களுக்கு எப்போதுமே ஓர் அவநம்பிக்கை உண்டு. கறுப்பு அங்கி, புரியாத பாஷை, வாய்தா, கட்டுக்கட்டாகக் காகிதம். இவற்றுக்கு எதிரே ஆலமரத்தடியை நிறுத்திப் பார்ப்பதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. எனக்கும் இருந்தது. ருவாண்டாவின் ‘கச்சாச்சா’ பற்றிப் படித்த பிறகு அது கலைந்தது. முழுக்கக் கலைந்துவிடவில்லை என்பதுதான் இதை எழுதக் காரணம்.

1994 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை, ஏறக்குறைய நூறு நாட்களில், அந்தச் சிறிய நாட்டில் எட்டு லட்சம் பேர், பெரும்பாலும் துட்சிகள், கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். கொன்றவர்களில் ராணுவத்தினரும் ஆயுதக் கும்பல்களும் உண்டு. அடுத்த வீட்டுக்காரனும் உண்டு. எல்லாம் ஓய்ந்த சில வருஷங்களில் சிறைகளில் லட்சத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தார்கள். நீதிபதிகளிலும் வக்கீல்களிலும் பெரும்பாலோர் செத்திருந்தார்கள், அல்லது ஓடியிருந்தார்கள். வழக்கமான கோர்ட்டுகளின் வேகத்தில் போனால் நூறு வருஷம் போதாது என்று கணக்குப் போட்டார்கள். ஐ.நா. சபை தான்ஸானியாவின் அரூஷா நகரில் அமைத்த சர்வதேச நீதிமன்றம், 2015-இல் மூடப்படும்வரை குற்றம் சாட்டியது 93 பேர் மீது.

கச்சாச்சா என்ற சொல் புல்லைக் குறிப்பது. நிலத் தகராறு, மாட்டுத் தகராறு, பாகப்பிரிவினை என்று வந்தால் ஊர்ப் பெரியவர்கள் புல்தரையில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது பழைய வழக்கம். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு 2001-இல் அரசு ஒரு சட்டம் செய்தது. ஜனங்களே நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளம் கிடையாது, சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை, வக்கீலுக்கு இடமில்லை. சுமார் 12,000 மன்றங்கள். 2012 ஜூனில் மூடப்படுவதற்குள் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். பெரும்பகுதி சொத்துக் கொள்ளை பற்றியவை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, கூட்டாளிகளைச் சொல்லி, உடல்களைப் போட்ட இடத்தைக் காட்டியவனுக்குத் தண்டனை குறையும். அதிலும் ஒரு பகுதியைப் பொதுவேலை செய்து கழிக்கலாம்.

சலுகைக்காகச் செய்யும் ஒப்புதல் ஒப்புதலா? இல்லை என்றுதான் முதலில் தோன்றும். மனம் வருந்தியவன் பேரம் பேசமாட்டான். ஆனால் மகன் எந்தக் குழியில் கிடக்கிறான் என்று தெரியாமல் எட்டுப் பத்து வருஷம் இருந்த ஒரு தாயின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். கொன்றவனின் உள்ளம் சுத்தமாயிற்றா என்பது அவளுடைய கேள்வி அல்ல. எலும்பு எங்கே என்பதுதான் கேள்வி. அந்த இடத்தை அவன் சுயநலத்துக்காகக் காட்டினாலும் இடம் இடம்தான். அரூஷாவின் தீர்ப்புகளில் இந்தத் தகவல் கிடைக்காது. புல்தரையில், பலருக்கு, கிடைத்தது. மரத்தடியின் கவர்ச்சியில் எனக்கு இன்னும் மிச்சமிருப்பது இவ்வளவு.

கலைந்த பகுதி வேறு. அந்நியன் நீதி சொல்ல வேண்டும் என்று மனிதர்கள் ஏன் நினைத்தார்கள்? ஈஸ்கிலஸின் நாடகத்தில், தாயைக் கொன்ற ஓரெஸ்டஸின் வழக்கை அதீனா தேவி ரத்த உறவுகளிடமிருந்து எடுத்து, சம்பந்தமில்லாத பிரஜைகளின் சபையிடம் ஒப்படைக்கிறாள். சம்பந்தமின்மை அங்கே ஒரு குறை அல்ல, பாதுகாப்பு. கச்சாச்சாவில் எல்லோரும் சம்பந்தப்பட்டவர்கள். நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலேயே பலர் பிறகு குற்றம் சாட்டப்பட்டு விலக்கப்பட்டார்கள். சாட்சி சொன்னதற்காகக் கொல்லப்பட்டவர்கள் உண்டு. நிலத்தின் மேல் கண்வைத்துப் பொய்ப்புகார் சொன்னவர்கள் உண்டு. யாரும் யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை என்று ஊரே வாயடைத்துக்கொண்ட இடங்களும் உண்டு. கோர்ட்டில் சாட்சி சொன்னவள் பஸ் ஏறி ஊருக்குப் போகிறாள். புல்தரையில் சொன்னவளுக்கு அதுதான் ஊர். அவள் யாரைக் காட்டினாளோ அவனுடைய வீட்டைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும்.

புல்தரை சுதந்திரமான இடமாகவும் இருக்கவில்லை. 2004-க்குப் பிறகு கூட்டத்துக்கு வருவது கட்டாயம். ஜெயித்த தரப்பின் படை செய்த கொலைகளை அங்கே எடுக்க முடியாது. யாருடைய துக்கம் வழக்காகும், யாருடையது ஆகாது என்பதைத் தலைநகரம் ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. புல் ஊருடையது, எல்லைக் கோடு அரசுடையது.

இதில் மிகவும் சங்கடமானது மன்னிப்பு. ஒருவன் எழுந்து எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறான். ஊர் அவளைப் பார்க்கிறது. சமாதானம் நாட்டுக்கு வேண்டியிருக்கிறது. இந்தப் பார்வைக்கு நடுவில் அவள் ‘மன்னித்தேன்’ என்றால் அது அவளுடைய வார்த்தைதானா? கோர்ட் அவளை வெறும் சாட்சியாகச் சுருக்குகிறது என்று குறை சொல்கிறோம். ஆனால் கோர்ட் அவளிடம் மன்னிப்பை எதிர்பார்ப்பதில்லை. அந்த அலட்சியத்தில் ஒரு மரியாதை இருப்பதாக இப்போது எனக்குப் படுகிறது.

நமக்கும் இதில் சம்பந்தமுண்டு. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில்தான் 2011-இல் உச்சநீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதமானது என்றது. மரத்தடியில் தீர்ப்புச் சொன்னவர்கள் யார், கைகட்டி நின்றவர்கள் யார் என்பது நமக்குத் தெரியாதது அல்ல. எனவே எந்த ஊர்ச்சபையைப் பார்த்தாலும் அது சீக்கிரம் தீர்க்கிறதா, செலவில்லாமல் தீர்க்கிறதா என்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். அங்கே நிற்பவர்களில் மிகவும் எளியவள் ‘எனக்குச் சம்மதமில்லை’ என்று சொல்லிவிட்டு, அன்றிரவு தன் வீட்டில் பயமில்லாமல் தூங்க முடியுமா? முடியாதென்றால், எவ்வளவு தாமதமானாலும், அவளுக்குத் தூரத்தில் ஒரு கோர்ட் இருந்தாக வேண்டும்.