வரலாறு என்று பெயரிடப்பட்டவள்

அம்மானிலிருந்து காலையில் கிளம்பினால் மூன்று பாலைவனக் கோட்டைகளையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்றாள் அங்கே வேலை பார்க்கும் என் தோழி. கரானா, அம்ரா, அஸ்ரக். ஜோர்டானின் கிழக்கே போகும் சாலையில் அடுத்தடுத்து வருபவை. முதல் இரண்டும் உமய்யா வம்சத்தின் காலத்தவை. கி.பி. 661 முதல் 750 வரை ஆண்ட கலீஃபாக்கள் அவர்கள்.

கரானாவைத் தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டையேதான். நாற்சதுரமாக உயர்ந்து நிற்கும் சுவர், மூலைகளில் உருண்டையான காவற்கோபுரங்கள், சுவர் முழுக்கக் குறுகிய துளைகள். அம்பு எய்வதற்கு என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். அறைக்குள் நின்றபோது துளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. காற்றும் வெளிச்சமும் வருவதற்கான வழிகள் அவை. வெளியிலிருந்து பார்த்து முடிவு செய்த ஒன்றை, உள்ளே நின்று பார்த்தபோது கைவிட வேண்டியிருந்தது. அன்றைய நாள் முழுவதும் அதுவே தொடர்ந்தது.

அம்ரா கோட்டையே இல்லை. மூன்று வில்வளைவுக் கூரைகள் கொண்ட சிறிய கூடம், அதையொட்டிக் குளியலறைகள், வெளியே ஆழமான கிணறு. விலங்கு சுற்றிவந்து நீர் இறைத்த வட்டத் தடம் கிணற்றருகே இருக்கிறது. 1985இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது உள்ளே இருக்கும் சுவரோவியங்களுக்காக. வேட்டை, இசை, நடனம், கல் உடைப்பவர்கள், தச்சர்கள், குளியலறைக் குவிமாடத்தில் விண்மீன் மண்டலங்கள். அவற்றுக்கிடையே, கூடத்தின் மேற்குச் சுவரில், தொட்டியில் ஆடையின்றி நிற்கும் ஒரு பெண். அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களையும் ஓவியர் வரைந்திருக்கிறார்.

எங்களுக்கு முன்னால் நின்ற குழுவினர் அவளைப் படமெடுத்தார்கள். நானும் எடுத்தேன். “அவளைப் பார்க்கிறவங்க வரிசையில நீயும் சேந்துட்ட” என்றாள் தோழி. விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

இந்த ஓவியத்தைப் பற்றி இரண்டு பேச்சுகள் வழக்கமாகக் காதில் விழும். ஒன்று: “பாருங்கள், ஆரம்பகால இஸ்லாமிய அரசவை எவ்வளவு சுதந்திரமாக இருந்திருக்கிறது.” மற்றொன்று: “இது ஒழுக்கம் கெட்ட இளவரசன் ஒருவனின் ஆட்டம், இதற்கும் மார்க்கத்துக்கும் தொடர்பில்லை.” எதிரெதிரான பேச்சுகள்போல் தோன்றும். இரண்டுமே அந்த இளவரசனைப் பற்றியவை. சுவரில் நிற்கும் பெண், ஆண்கள் தமக்குள் நடத்தும் வழக்கில் ஒரு சாட்சிப் பொருள் மட்டுமே.

சுதந்திரம் என்றால் யாருடைய சுதந்திரம்? ஆடை இல்லாததே விடுதலை ஆகிவிடாது. மூடியிருப்பதே அடிமைத்தனமும் அல்ல. மறுக்க முடிந்ததா என்பதுதான் கேள்வி. அக்கால அரசவைகளில் ஆடியும் பாடியும் வந்த பெண்களில் பலர் விலை கொடுத்து வாங்கப்பட்டவர்கள், அல்லது போரில் பிடிபட்டவர்கள். கவிதையும் இசையும் கற்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். கல்வி அவர்களுடைய விலையைக் கூட்டியது, அவர்களை விடுவிக்கவில்லை.

“அது வெறும் ஓவியம்தானே, அந்தப் பெண் உண்மையில் வாழ்ந்தவளாகவே இல்லாமல் இருக்கலாமே?” என்று கேட்கலாம். சரிதான். பழைய கிரேக்க வார்ப்புகளைப் பார்த்தும் ஓவியர் வரைந்திருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தவர்களின் கண்களுக்கு, எதை எப்படிப் பார்ப்பது என்று அந்தச் சுவர் கற்றுக்கொடுத்தது. அந்தக் கண்களின் முன்னால் நடமாடியவர்கள் உயிருள்ள பெண்கள்.

சுவரில் பெயர்கள் யாருக்குக் கிடைத்திருக்கின்றன என்று பார்த்தேன். அவளுக்குப் பக்கத்திலேயே ஆறு மன்னர்கள் நிற்கிறார்கள். பைசாந்தியத்தின் சீசர், ஸ்பெயினின் ரொடெரிக், பாரசீகத்தின் கிஸ்ரா, அபிசீனியாவின் நெகுஸ் என நால்வரின் பெயர்கள் கிரேக்கத்திலும் அரபியிலும் வாசிக்கப்பட்டிருக்கின்றன. தோற்ற அரசர்களுக்கும் பெயர் உண்டு. 2012இல் ஓவியங்களைச் சுத்தம் செய்தபோது வலீத் பின் யஸீத் என்ற பெயர் வெளிவந்தது. 743இல் கலீஃபாவாகி மறு ஆண்டே கொல்லப்பட்டவர் அவர். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் உரிமையாளரின் பெயர் மீண்டு வந்துவிட்டது.

பெயர் பெற்ற பெண்களும் மூவர் இருக்கிறார்கள். கிரேக்க எழுத்தில் கவிதை, சிந்தனை, வரலாறு என்று எழுதியிருக்கிறது. மூவரும் மனிதப் பெண்கள் அல்லர், கருத்துகள். வரலாற்றைப் பெண்ணாக வரைந்தவர்கள், பெண்ணை வரலாற்றில் எழுதவில்லை.

வலீதைக் கவிழ்த்து ஆட்சிக்கு வந்த மூன்றாம் யஸீத், அடிமைத் தாய்க்குப் பிறந்த முதல் கலீஃபா. அந்தத் தாய் பாரசீக அரச குலத்தைச் சேர்ந்த கைதி என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அப்படியானால் அவள் சுவரில் நிற்கும் கிஸ்ராவின் குலத்தவள். தோற்ற மன்னனுக்குச் சுவரில் இடம். அவன் வீட்டுப் பெண்ணுக்கு வென்றவனின் அந்தப்புரத்தில் இடம். அவளைப் பற்றிய குறிப்பும் மகன் கலீஃபா ஆனதால்தான் மிஞ்சியது. மகன் அரசனாகாத தாய்மார்களை யார் எழுதினார்கள்?

பிறகு என்னதான் செய்வது? பார்க்காமல் திரும்பிவிடுவதா? பார்க்காமல் போனால் அவள் இன்னொரு முறை இல்லாமல் ஆகிறாள். அழகை அழகு என்று சொல்லவும் நான் தயங்கவில்லை. அந்த நீலமும் பழுப்பும் கண்ணிலேயே நிற்கின்றன. ஆனால் பார்வைக்கு ஒரு கடன் உண்டு என்று நினைக்கிறேன். அந்த அழகைச் சாத்தியமாக்கியவர்கள் யார், அவர்களில் யாருக்கு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது என்று கேட்பதே அந்தக் கடன். கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போகலாம். கேட்காமல் பார்ப்பதுதான் அந்த வரிசையில் சேர்வது.

வெதுவெதுப்பான குளியலறையில் இன்னொரு ஓவியம் இருக்கிறது. பெண்கள் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். ஒருத்தியின் கையில் வாளி. அவர்களும் ஆடையின்றித்தான் இருக்கிறார்கள். ஆனால் வேலையில் இருக்கிறார்கள். அங்கேதான் அதிக நேரம் நின்றேன்.

அஸ்ரக்கின் கருங்கல் கோட்டையையும் பார்த்துவிட்டு இருட்டிய பிறகே திரும்பினோம். தொட்டியில் நிற்பவளின் படத்தை நான் அழிக்கவில்லை. யாருக்காவது காட்டும்போது முதலில் கிணற்றைக் காட்டுகிறேன், அடுத்து வாளி பிடித்தவளை. அதற்குப் பிறகுதான் அவளை.