விற்பதா, வைத்திருப்பதா: கைக்கடிகாரத்தை முன்வைத்து உடைமை பற்றிய குரு சீட உரையாடல்

விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை உடையவர் அதை விற்றுவிடுவதா, தொடர்ந்து வைத்திருப்பதா என்னும் வினா, சந்தை நிலவரம் அறிந்தோர் விடை கூறவேண்டிய வணிக வினாவாகத் தோன்றினும், பொருளின் மதிப்பு எங்கிருந்து வருகிறது, பற்று எவ்விடத்தில் அறிவை மறைக்கிறது என்னும் பழைய வினாக்களையும் தன்னுள் அடக்கியுள்ளது. ஒரு கருத்தை நிறுவுவதற்குச் சைவ சித்தாந்த நூல்கள் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் மூன்று உறுப்புகளைக் கையாள்கின்றன. மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று, ஏது என்பது அதற்குரிய காரணம், எடுத்துக்காட்டு என்பது அக்காரணம் மெய்ப்பட விளங்கும் இடம். அம்முறையைத் தழுவியே கீழ்வரும் உரையாடல் செல்கிறது. ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ரோலெக்ஸ் கடிகாரத்தின் விலை இன்று உயர்ந்திருக்கிறது. அவரோ அதை அரிதாகவே கட்டுகிறார். அவர் செய்யத்தக்கது யாது என்பதே சீடன் கொண்டுவந்த வழக்கு.

சீடன்: ஐயனே, கடிகாரத்தை வைத்திருப்பதே தக்கது என்பது மேற்கோள், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் விலை ஏறும் என்பது ஏது, ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலைபோனது எடுத்துக்காட்டு. வெளிவந்த காலத்தில் கடைகளில் எளிதில் விலைபோகாத ஒரு வகை, அரை நூற்றாண்டில் இவ்வளவு உயர்ந்ததென்றால், பொறுத்திருப்பவருக்கு இழப்பில்லை அன்றோ?

குரு: மகனே, எடுத்துக்காட்டு உண்மையானது; ஆனால் அது உன் ஏதுவுக்குத் துணைநிற்கவில்லை. அந்தக் கடிகாரம் பழையது என்பதால் மட்டும் அவ்விலை பெறவில்லை. கார்ப் பந்தயத்தில் ஈடுபட்ட கணவருக்கு மனைவி ஜோன் உட்வர்ட் வாங்கித் தந்து, கவனமாக ஓட்டுமாறு வேண்டும் சொற்களை அதன் பின்புறத்தில் பொறிக்கச் செய்தார் என்பதாலும், அதை நியூமன் பல ஆண்டு நாள்தோறும் கட்டினார் என்பதாலும், சேகரிப்பாளர்கள் அவ்வகை முகப்புக்கு அவர் பெயரையே வழங்கினர் என்பதாலும் அவ்விலை வந்தது. அதே காலத்தில் செய்யப்பட்டு, விலை ஏறாமல் மறக்கப்பட்ட எண்ணற்ற கடிகாரங்களை எவரும் எடுத்துக்காட்டாகக் கூறுவதில்லை. காரணம்போலத் தோன்றிக் காரணமாகாததை அளவை நூலார் ஏதுப்போலி என்பர். காலம் செல்வதால் விலை ஏறும் என்பது அத்தகையது. படேக் பிலிப் நிறுவனம் நாட்டிலஸ் வரிசையின் 5711 என்னும் எஃகுக் கடிகாரத்தை 2021இல் நிறுத்தியபோது அதன் மறுவிற்பனை விலை கடைவிலையைப் போலப் பல மடங்காகி, 2022இன் முற்பகுதியில் உச்சம் தொட்டுப் பின்னர் பெரிதும் சரிந்தது. உச்சத்தில் வாங்கியவரும் இதே ஏதுவைத்தான் நம்பியிருந்தார்.

சீடன்: அவ்வாறாயின் விற்பதே தக்கது என்று மேற்கோளை மாற்றலாம். கடிகாரம் தேயும் இயந்திரம் என்பது ஏது. பிரிட்டனின் வரி நிர்வாகம் கைக்கடிகாரத்தை இயந்திரமாகவே கொண்டு, ஐம்பது ஆண்டுக்கு மேல் பயன்தராத பொருள்களின் வரிசையில் வைத்து, அதை விற்றவரின் ஆதாயத்துக்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி விதிப்பதில்லை. மேலும், 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை, அதாவது மின்கலத்தால் அதிரும் படிகத்தைக் கொண்டு நேரம் அளக்கும் கடிகாரத்தை, விற்பனைக்குக் கொணர்ந்த பின், நேரம் அறிவதற்குச் சுருள்வில்லால் ஓடும் கடிகாரம் தேவையற்றதாயிற்று. ரோலெக்ஸ் தன் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு நொடிக்கு மேல் பிழைக்காது என்கிறது. அக்கணக்கில் மாதத்துக்கு ஒரு நிமிடம் வரை பிழைக்கலாம். மலிவான குவார்ட்ஸ் கடிகாரமோ மாதத்துக்கு அதில் பாதியளவுகூடப் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பயன் குறைந்ததைப் பெருவிலைக்கு வைத்திருப்பது அறிவாகுமா?

குரு: இங்கு பயன் என்பதை நேரம் அறிதல் என்று மட்டும் சுருக்கிவிட்டாய். அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் ஒவ்வொரு பொருளுக்கும் இரு பயன்கள் உண்டென்று, காலணியைச் சுட்டி விளக்குகிறார்: காலில் அணிவது ஒன்று, கொடுத்து வேறொன்றைப் பெறுவது மற்றொன்று. முன்னதை நுகர்பயன் என்றும் பின்னதை மாற்றுப்பயன் என்றும் கொள்ளலாம். கடிகாரத்தின் நுகர்பயனில் நேரம் அறிதல் ஒரு கூறு மட்டுமே. ஆடம் ஸ்மித் 1759இல் வெளியிட்ட அறவுணர்வுகள் பற்றிய நூலில் இதே வழக்கை ஆராய்ந்திருக்கிறார். நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும் கடிகாரத்தை ஒருவர் இரண்டொரு கினிப் பொற்காசுக்கு விற்றுவிட்டு, இரு வாரத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தங்காத ஒன்றை ஐம்பது கினிக்கு வாங்குகிறார். ஆயினும் அவர் முன்னைவிடக் குறித்த நேரத்துக்கு வருபவராக மாறுவதில்லை. நேரம் அறிவதைக் காட்டிலும் நேரம் காட்டும் கருவியின் செம்மையையே மனிதர் விரும்புகின்றனர் என்பது ஸ்மித்தின் முடிவு. நுண்ணிய வேலைப்பாட்டில் மகிழ்வதும் ஒரு நுகர்வே ஆதலால், குவார்ட்ஸ் வந்துவிட்டது என்பது மட்டும் விற்பதற்கு ஏதுவாகாது.

சீடன்: அவ்வேலைப்பாட்டில் மகிழ்வதாகத்தான் உடையவரும் கூறுகிறார். அவர் கூற்று மெய்யா, பற்றினால் எழுந்த மயக்கமா என்று எவ்வாறு பிரித்தறிவது?

குரு: கையில் உள்ளது என்பதனாலேயே ஒரு பொருள் அரியதாகத் தோன்றும் மயக்கம் மனிதர்க்கு இயல்பு. பொருளியல் அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1980இல் இதற்கு உடைமை விளைவு என்று பொருள்படும் பெயரிட்டார். அவரும் ஆய்வாளர்கள் கானமன், நெட்ச் ஆகியோரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், சற்று முன்னர்தான் ஒரு கோப்பையைப் பெற்றவர்கள் அதை விற்பதற்குக் கேட்ட விலை, பெறாதவர்கள் வாங்குவதற்குச் சொன்ன விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. சில நிமிட உடைமைக்கே இவ்வளவு ஆற்றல் உண்டெனில், பல ஆண்டு உடைமையின் ஆற்றலை அளந்து கூற வேண்டியதில்லை. ஆகவே உடையவர் வினாவைத் திருப்பிக் கேட்டுக்கொள்ளட்டும்: கடிகாரம் தம்மிடம் இல்லை, இன்று அதற்குக் கிடைக்கும் தொகை மட்டும் கையில் இருக்கிறது என்று கொண்டால், அத்தொகைக்கு அதையே வாங்குவாரா? அத்தொகையும் இணையத்தில் பிறர் கேட்கும் விலையாக அன்றி, வணிகரின் ஆதாயமும் ஏலக் கட்டணமும் கழித்து, பெட்டியும் உத்தரவாத அட்டையும் இல்லையெனில் அக்குறையையும் கழித்து, உண்மையில் கைக்கு வரும் தொகையாக இருத்தல் வேண்டும். வாங்குவார் எனில் மகிழ்ச்சி மெய். வாங்கார் எனில் அவர் வைத்திருப்பது பழக்கத்தை மட்டுமே.

சீடன்: தந்தை விட்டுச்சென்ற கடிகாரத்துக்கு இச்சோதனை செல்லுமா? அதே வகைக் கடிகாரம் சந்தையில் ஆயிரம் இருப்பினும், தந்தையின் மணிக்கட்டில் இருந்தது ஒன்றே அன்றோ?

குரு: செல்லாது. ஒன்றை இழந்தால் அதே விலைக்கு அதற்கீடான இன்னொன்றைப் பெறக்கூடுமாயின் அது ஈடுள்ள பொருள். பெறவியலாதாயின் அது ஈடற்ற பொருள். திருப்பிக் கேட்கும் சோதனை ஈடுள்ள பொருளுக்கே உரியது. ஆயினும் இங்கு இன்னொரு மயக்கம் உண்டு. படேக் பிலிப் 1996இல் தொடங்கிய விளம்பர வரிசை, வாங்குபவர் கடிகாரத்தின் உடைமையாளர் அல்லர், அடுத்த தலைமுறைக்காக அதைக் காப்பவர் என்னும் கருத்தைப் பரப்பியது. தந்தையின் கடிகாரத்துக்கு மெய்யாகப் பொருந்தும் இவ்வெண்ணத்தை, நேற்று கடையில் வாங்கிய கடிகாரத்துக்கு ஏற்றிச் சொல்வது, இன்னும் பிறவாத நினைவை முன்கூட்டியே விலைபேசுவதாகும். நினைவு கட்டுவதால் சேர்கிறது. கீறல் விழுமென்று அஞ்சி வங்கிப் பெட்டகத்தில் பூட்டிய கடிகாரத்தில் சேர்வதில்லை.

சீடன்: பெட்டகத்தில் இருப்பதும் ஒருவகை முதலீடு என்று கூறுவோர் உளரே?

குரு: வட்டியும் ஈவும் தராமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெயிடும் சர்வீஸ் செலவையும் காப்பீட்டுச் செலவையும் கேட்டுக்கொண்டே இருக்கும் பொருளை முதலீடு என்றால், அதன் ஆதாயம் முழுவதும் நாளைய வாங்குபவரின் விருப்பத்தையே சார்ந்திருக்கிறது. ஒன்றில் பணத்தை முடக்குவதால் கைவிட நேரும் மற்றொன்றின் பயனை வாய்ப்புச் செலவு என்பர். அதை உடையவர் கணக்கிடட்டும். கடன் அட்டைக்கு மாதம் மூன்று விழுக்காட்டை ஒட்டி வட்டி வாங்கப்படும் இந்தியாவில், ஐந்து லட்சம் ரூபாய் பெறும் கடிகாரத்தைப் பூட்டிவைத்து அதே அளவு அட்டைக் கடனைச் சுமப்பவர், மாதந்தோறும் பதினைந்தாயிரம் ரூபாயை அக்கடிகாரத்துக்கு வாடகையாகச் செலுத்துகிறார்.

சீடன்: இனித் தெளிவு பிறக்கிறது. ஆயினும் கட்டவும் மனமில்லை, விற்கவும் மனமில்லை என்பவர் செய்யத்தக்கது யாது?

குரு: அவர்தாம் வழக்கை இரண்டே வழிகளாகக் கண்டு இடர்ப்படுபவர். நீ முதலில் கூறிய எடுத்துக்காட்டையே முழுமையாக நோக்கு. நியூமன் அக்கடிகாரத்தை விலையேற்றத்துக்காகக் காத்துவைக்கவுமில்லை, விற்கவுமில்லை. 1984ஆம் ஆண்டளவில் தம் மகளின் நண்பரான இளைஞருக்குக் கொடுத்துவிட்டார். பெற்றவரும் பல ஆண்டு அதைக் கட்டினார். பின்னர் ஏலத்தில் வந்த தொகையின் ஒரு பகுதி அறப்பணிக்குச் சென்றது. கட்டுதல், கொடுத்தல், விற்றல் என்னும் மூன்றும் ஒரே கடிகாரத்தின் வரலாற்றில் முறையாக நிகழ்ந்தன. இறந்தபின் மக்கள் பங்கிட்டுக்கொள்ளும் பொருளாக விடுவதினும், விரும்பிக் கட்டுவார் ஒருவருக்கு உயிரோடிருக்கும்போதே கொடுப்பது, கொடுப்பவர் தாமே கண்டு மகிழத்தக்க நுகர்பயன்.

சீடன்: அவ்வாறாயின் முடிந்த முடிபு யாது?

குரு: விலை ஏறும் என்பதும் இறங்கும் என்பதும் இவ்வழக்கில் ஏது ஆகா, உடையவர் அப்பொருளோடு கொண்டுள்ள தொடர்பே ஏது. கடன் உள்ளவர் விற்று அடைக்கட்டும். விரும்பிக் கட்டுபவர், விலை எதுவாயினும், கீறல்களோடு வைத்திருக்கட்டும். தந்தையின் கடிகாரத்தைப் பெற்றவர் அதைக் கட்டட்டும், இயலாதெனில் கட்டுவார்க்குக் கொடுக்கட்டும். தாமே வாங்கிப் பூட்டிவைத்து விலைப்பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர், நுகர்பயனைத் துறந்துவிட்டு மாற்றுப்பயனையும் பெறாதிருப்பவர் ஆதலின், அவர் விற்றுவிடுவதே முறை.