எந்தத் தேதியில் போருக்குள் போனோம்?

ஜவ்வாது மலையடிவாரத்தில் எங்கள் ஊர். திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். பெரியப்பா ராணுவத்தில் இருந்தவர். 1971 போரைப் பற்றிச் சலிக்காமல் பேசுவார். பள்ளியில் படித்ததை வைத்து ஒருமுறை கேட்டேன்: "டிசம்பர் 3-ஆம் தேதிதானே பெரியப்பா சண்டை ஆரம்பிச்சது?"

சிரித்தார். "அது பேப்பர்ல வந்த தேதிப்பா. நாங்க நவம்பர்லயே எல்லையத் தாண்டிட்டோம்."

பாடப்புத்தகம் சொல்வது பொய்யில்லை. அன்று மாலைதான் பாகிஸ்தான் விமானங்கள் நம் விமான தளங்களைத் தாக்கின. ஆனால் அதற்கு முந்தைய எட்டு மாதங்களைப் பாருங்கள். மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவ ஒடுக்குமுறை தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இங்கே வந்தார்கள். முக்தி வாகினிக்குப் பயிற்சி கொடுத்தோம், ஆயுதம் கொடுத்தோம். அணிசேரா நாடு என்று சொல்லிக்கொண்டே ஆகஸ்ட் 9-ல் சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் போட்டோம். நவம்பரில் படை எல்லை தாண்டியது. ஒரே நாளில் யாரும் நடுநிலையைக் கைவிடவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கினோம்.

இது தப்பா? இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். நடுவுநிலைமைக்கு வள்ளுவர் காட்டும் உவமை துலாக்கோல். தராசின் வேலை ஒதுங்கி நிற்பது அல்ல, எடைபோடுவது. எடை வைத்த பிறகும் சாயாத தராசு துருப்பிடித்த தராசு. ஒரு கோடி பேர் வாசலில் வந்து நின்றபோது சாயாமல் இருந்திருந்தால், அதுவே கொன்றவர்களின் பக்கம் நிற்பதாகியிருக்கும்.

இத்தோடு முடித்துக்கொண்டால் எனக்கு நிம்மதி. ஆனால் பெரியப்பா 1987-ல் இலங்கைக்கும் போனார். அதைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

அங்கேயும் இதே படிகள்தான். முதலில் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சி. ஜூன் 4-ல் யாழ்ப்பாணத்தின் மேல் விமானத்திலிருந்து உணவுப் பொட்டலங்கள். ஜூலை 29-ல் ராஜீவ் – ஜெயவர்த்தனா ஒப்பந்தம். நடுவில் நிற்கப் போன படைக்கு அமைதிப்படை என்று பெயர். அக்டோபரில் அது புலிகளோடு போரில் இருந்தது. அந்த மாதம் 21-ஆம் தேதி யாழ்ப்பாணம் மருத்துவமனையில் அந்தப் படையின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்களும் உயிரோடு இல்லை.

படிகள் ஒன்றுதான். அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? 1971-ல் முஜிப்நகர் அரசே நம் உதவியைக் கேட்டது. 1987 ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன. யாருடைய பிரச்சினைக்காக அது போடப்பட்டதோ, அந்தத் தமிழர்களின் கையெழுத்து அதில் இல்லை. இன்னொன்றும் உண்டு. இரண்டு தடவையும் தராசின் மேல் நம் விரல் இருந்தது. பாகிஸ்தான் உடைவதில் நமக்கு லாபம். இலங்கையில் வேறு வல்லரசு காலூன்றாமல் இருப்பதிலும் நமக்கு லாபம். 1971-ல் நியாயமும் விரலும் ஒரே தட்டை அழுத்தின. அதனால் விரல் கண்ணில் படவில்லை. 1987-ல் பட்டது.

போன பொங்கலுக்குத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இலங்கையில எந்தத் தேதில பெரியப்பா சண்டை ஆரம்பிச்சது?"

வெகுநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சண்டைக்குன்னு சொல்லி எங்கள அனுப்பலப்பா" என்றார்.