ராட்டினத்தைத் தள்ளிவிட மட்டுமா இந்தக் கை?

"அதெல்லாம் நமக்குச் சரிவராது." மலையகத்து லயங்களில் இந்த ஒரு பேச்சு எத்தனை பிள்ளைகளின் காலை வாரிவிட்டிருக்கிறது! தாத்தா சொன்னார். அப்பா சொன்னார். இப்போது பத்தொன்பது வயதில் நீயும் சொல்கிறாய். தம்பி, தங்கச்சி, இன்றோடு நிறுத்து!

ஒருவரின் கதையைக் கேள். கேரளாவில் திருச்சூர்ப் பக்கம் பறப்பூர் என்ற ஊரில், 1950-இல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. பௌதிகவியல் படித்தார். ஒரு கம்பனியில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டு, 1977-இல் அப்பாவிடம் ஒரு லட்சம் ரூபா வாங்கி, இரண்டே இரண்டு வேலையாட்களோடு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கினார். கரண்ட் ஏறி இறங்கும்போது வீட்டு ஃப்ரிட்ஜ் எரிந்துபோகாமல் காப்பாற்றுகிற பெட்டி அது. வி-கார்ட் என்று பெயர் வைத்தார். அந்தப் பெட்டியை விற்றுத்தான் 23 வருடம் கழித்து, 2000-இல், கொச்சிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரைக் குன்றின் மேல் வீகாலாண்ட் என்ற பூங்காவைத் திறந்தார். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்தார்கள். 2005-இல் பெங்களூருக்குப் பக்கத்தில் வொண்டர்லா என்ற அடுத்த பூங்கா, 2016-இல் ஹைதராபாத், 2024-இல் புவனேஸ்வர். நடுவில் 2020-இல் கொரோனா வந்து எல்லா வாசலையும் பூட்டியது. கம்பனி படுத்துவிடவில்லை. 2025 டிசம்பரில் சென்னையிலும் வாசல் திறந்துவிட்டது.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. வெளிநாட்டிலிருந்து வாங்கிய ராட்டினங்களும் அங்கே உண்டு. ஆனால் பலவற்றை அவர்கள் தங்கள் சொந்தப் பட்டறையிலேயே செய்தார்கள். இரும்பை வெட்டி, வெல்டிங் வைத்து, மோட்டார் பூட்டி, ஓட்டிப் பார்த்து, கோளாறைத் திருத்தி, மறுபடியும் ஓட்டிப் பார்த்துச் செய்தார்கள். அந்த வேலை நமக்குப் புதிதா?

உன் தோட்டத்து ஃபெக்டரியின் மாடிக்கு ஏறிப் பார். கொழுந்து வாட்டுகிற நீளத் தொட்டி. கம்பி வலைக்கு மேலே பச்சைக் கொழுந்து பரந்து கிடக்கிறது. ஒரு முனையில் பெரிய விசிறி சுழன்று வலைக்கு அடியில் காற்றைத் தள்ளுகிறது. இனிப் பூங்காவின் அலைக்குளத்துக்கு வா. பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குதிக்கிறார்களே, அந்த அலை எங்கிருந்து வருகிறது? பல குளங்களில் சுவருக்குப் பின்னால் மூடிய அறைகள் இருக்கின்றன. விசையுள்ள விசிறி அவற்றுக்குள் காற்றை அடைக்கிறது. காற்று தண்ணீரை அமுக்குகிறது, விடுகிறது, மறுபடி அமுக்குகிறது. அலை எழும்புகிறது. அங்கேயும் காற்று, இங்கேயும் காற்று! கொழுந்து உருட்டுகிற ரோலர் சுழல்வதும் ராட்டினம் சுழல்வதும் மோட்டாராலும் பல்சக்கரத்தாலும்தான். அந்த ரோலர் நின்றால் ஓட வைக்கிற மனிதர் உன் லயத்திலேயே இருக்கிறார். அவரை இன்றுவரை நாம் மெக்கானிக் என்று மட்டும் கூப்பிடுகிறோம். நான் அவரைப் பொறியாளர் என்பேன்!

"கொச்சௌசேப்புக்கு ஒரு லட்சம் கொடுக்க அப்பா இருந்தார், எனக்கு யார் இருக்கிறார்?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. உன் அம்மாவின் நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொடுவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. வீட்டுத் திட்டத்தில் பலருக்குக் கிடைத்தது 7 பேர்ச் காணி. இருநூறு வருடமாக மலையை உழைத்துச் செழிக்க வைத்த சனத்துக்கு இது அநியாயம். காணிக்கும் சம்பளத்துக்கும் தொண்டை கிழியக் குரல் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த நியாயம் கிடைக்கிற வரைக்கும் உன் மூளையைப் பூட்டி வைக்காதே! அவரும் முதல் நாளே பூங்கா கட்டவில்லை. முதலில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியளவு வேலை உன் கண்ணெதிரே எத்தனை இருக்கிறது!

நுவரெலியாவில் கிரகரி வாவியை அமைக்கத் தொடங்கியது 1873-இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில். ஏப்ரல் சீசனில் அங்கே கூட்டம் அலைமோதுகிறது. நம் பையன்கள் குதிரையைப் பிடித்து நடத்துகிறார்கள், சோளம் விற்கிறார்கள், டிக்கெட் கிழிக்கிறார்கள். உழைப்பில் இழிவில்லை. ஆனால் அங்கே சுற்றுகிற ராட்டினத்தைச் செய்தவன் யார், படகு மோட்டார் நின்றால் திருத்துகிறவன் யார் என்று உனக்குள் ஒரு கேள்வி எரிய வேண்டாமா? டிக்கெட் கிழிக்கிற கைக்கு ஸ்பேனரும் பிடிக்கத் தெரிந்தால் சம்பளமும் மாறும், பேச்சும் மாறும். தங்கச்சி, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வெல்டிங் பொறிக்கு ஆண் பெண் தெரியாது.

ஆகவே இந்தக் கிழமையே கிளம்பு. ஃபெக்டரி மெக்கானிக்கிடம் போய், "மாமா, ரோலரைக் கழற்றும்போது என்னையும் கூப்பிடுங்க" என்று கேள். கூப்பிடாவிட்டால் மறுநாளும் போய் நில். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார், வெல்டிங், மின்னிணைப்பு என்று எது கிடைத்தாலும் சேர்ந்து, என்.வி.கியூ. சான்றிதழைக் கையில் வாங்கு. கொழும்புக் கடைக்குப் போகிற பஸ் எப்போதும் ஓடும். அதில் ஏறுவதற்கு முன் ஒரு பழைய மோட்டாரையாவது பிரித்து, பூட்டி, ஓட்டிக் காட்டு!